வில்மெட் நாட்குறிப்பு: ஒரு பள்ளிக்கூடமும் அதன் எல்லைக்கோடும்

புதன்

சிகாகோ ஓகில்வி நிலையத்தில் மெட்ரா ரயில் ஏறினால், வடக்கே ஏறக்குறைய அரை மணி நேரத்தில் வில்மெட் வந்துவிடும். மிஷிகன் ஏரிக்கரையை ஒட்டி எவன்ஸ்டன், வில்மெட், கெனில்வொர்த், வினெட்கா, க்ளென்கோ என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. செப்டம்பர் கடைசி. மேப்பிள் இலைகள் ஓரத்தில் சிவக்கத் தொடங்கிவிட்டன. தங்கை மகன் கையில் ஒரு ஸ்வெட்டரோடு ஸ்டேஷனில் நின்றிருந்தான். "போட்டுக்கங்க பெரியம்மா, ஏரிக் காத்து உங்களுக்குச் சேராது" என்றான்.

வாழ்நாளில் பாதியைப் போளூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராகக் கழித்தவள் நான். எந்த ஊருக்குப் போனாலும் கண் பள்ளிக்கூடத்தைத்தான் முதலில் தேடும். இங்கே அதற்குக் காரணமும் இருக்கிறது. இவன் மகள் போன மாதம்தான் ஒன்பதாம் வகுப்புக்கு நியூ ட்ரியர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். 1901 முதல் நடக்கும் பள்ளி. ஏறக்குறைய 4,000 பிள்ளைகள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மட்டும். பைசா கல்விக் கட்டணம் வாங்காத பப்ளிக் ஸ்கூல். ஆனாலும் அமெரிக்கா முழுக்கப் பேர் தெரிந்த பள்ளி. நடிகர் சார்ல்டன் ஹெஸ்டனும், பாதுகாப்பு அமைச்சராக இருந்த டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டும், சிகாகோ மேயராக இருந்த ராம் இமானுவேலும் இங்கே படித்தவர்கள்.

வீடு சின்னது, பழசு. சமையலறையில் நாலு பேர் நின்றால் இடிக்கும். "வீட்டைப் பாத்து வாங்கல பெரியம்மா, ஸ்கூலப் பாத்துத்தான் வாங்கினோம்" என்றாள் மருமகள். அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்று கேட்டேன். அவள் அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள். சொத்து வரி ரசீது.

இரவு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் வீட்டு வரி ரசீதைப் போல ஒரே தொகை இல்லை. யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்று வரிவரியாக இருக்கிறது. குக் கவுன்ட்டிக்கு, வில்மெட் ஊராட்சிக்கு, பூங்காக்களுக்கு, நூலகத்துக்கு, காட்டுப் பாதுகாப்புக்கு, கழிவுநீருக்கு, ஓக்டன் கல்லூரிக்கு. கொசு ஒழிப்புக்கென்றே தனி அமைப்பு, அதற்கும் ஒரு வரி. இவற்றுக்கு நடுவே இரண்டு பெரிய தொகைகள்: எட்டாம் வகுப்பு வரைக்குமான 39ஆம் எண் பள்ளி மாவட்டம், அப்புறம் நியூ ட்ரியர் 203ஆம் எண் மாவட்டம். மொத்த வரியில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்கே போகிறது.

இல்லினாய் மாநிலத்தில் இப்படி 850க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை (அதற்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம்), தனி வரி, தனிச் சம்பள விகிதம். பெரும்பாலானவற்றில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் கொண்ட வாரியம். அந்த ஏழு பேருக்கும் சம்பளம் கிடையாது. நியூ ட்ரியர் மாவட்டத்தின் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி இந்த உள்ளூர் வரிதான். போளூரில் வேலை பார்த்த எனக்கும் சென்னையில் வேலை பார்த்தவருக்கும் அரசு ஒரே அடிப்படைச் சம்பளம்தான் கொடுத்தது. இங்கே பக்கத்து ஊர் ஆசிரியருக்கும் இந்த ஊர் ஆசிரியருக்கும் சம்பளப் பட்டியலே வேறு.

வியாழன்

காலையில் க்ரீன் பே பாதை வழியாக வினெட்காவுக்கு நடந்தோம். தண்டவாளத்தை ஒட்டியே போகும் நடைபாதை அது. முதுகில் பை மாட்டிய பிள்ளைகள் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். இந்தியன் ஹில் ஸ்டேஷனில் இறங்கினால் பள்ளி எட்டும் தூரம்தான்.

முதன்மை வளாகம் இங்கே வினெட்காவில். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகள் இங்கே நடக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் மேற்கே நார்த்ஃபீல்டு வளாகத்தில். அந்த மேற்கு வளாகம் 1965இல் தனிப் பள்ளியாகவே தொடங்கியது. பிள்ளைகள் குறைந்ததால் 1985இல் மூடினார்கள். கூட்டம் திரும்பியதும் 2001 முதல் ஒன்பதாம் வகுப்புக்கென்று ஒதுக்கிவிட்டார்கள்.

வினெட்கா கட்டடத்தின் மேற்குப் பக்கம் புதுசு, 2017இல் திறந்தது. அதைக் கட்டியது எப்படி என்று இவன் சொன்னதைத்தான் நான் முக்கியமாகக் குறித்துக்கொண்டேன். 2010இல் 174 மில்லியன் டாலர் கடன் வாங்கிக் கட்டலாமா என்று ஊரிடம் ஓட்டுக்கு விட்டார்கள். வேண்டாம் என்றது ஊர். திட்டத்தைச் சுருக்கி 2014இல் 89 மில்லியனோடு மறுபடி கேட்டார்கள். சரி என்றது. ஒரு பள்ளிக்கூடச் சுவர் எழுப்ப வீடு வீடாக ஓட்டுக் கேட்கிறார்கள்! எங்கள் பள்ளியில் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்தபோது நான் எழுதிய மனுக்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன். அந்தச் சுவரைக் கட்டலாமா வேண்டாமா என்று எங்கள் ஊராரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பகலில் உள்ளே போக முடியாது. கதவு பூட்டியிருக்கும், மணி அடித்து, அடையாள அட்டை காட்டி, பெயர் ஒட்டிக்கொண்ட பிறகுதான் விடுவார்கள். அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிவிட்டன. இந்த ஊருக்கு அந்த அச்சம் பலரையும் விட முன்னாலேயே வந்தது. 1988 மே 20 அன்று வினெட்காவின் ஹப்பர்ட் வுட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவர் நுழைந்து சுட்டதில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். பூட்டிய கதவைப் பார்த்து யாரும் இங்கே முகம் சுளிப்பதில்லை.

மாலையில் உள்ளே போகும் வாய்ப்பு கிடைத்தது. நார்த்ஃபீல்டில் பெற்றோர் மாலை. நம் ஊர்ப் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் போல வரிசையில் நின்று மார்க்கைக் கேட்டுத் திட்டு வாங்கும் கூட்டம் இல்லை இது. பிள்ளையின் கால அட்டவணையைப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மணி அடித்ததும் அந்த வகுப்பறைக்குப் போய்ப் பிள்ளையின் நாற்காலியில் உட்கார வேண்டும். பத்து நிமிடம் ஆசிரியர் தன் பாடத்தைப் பற்றிப் பேசுவார். மறுபடி மணி, அடுத்த அறை. நீல நாள், பச்சை நாள் என்று அட்டவணையே இரண்டு. ஒரு பாடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். வந்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நடக்கும்.

கணக்கு வகுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இந்த வருடம் அவளுக்கு வடிவியல். அறையின் நாலு சுவரிலும் வெள்ளைப் பலகை. முன்பக்கம் எது, கடைசி பெஞ்சு எது என்று சொல்ல முடியாது. நாலு பேர் சேர்ந்து உட்காரும் மேசைகள். பாடம் தொடங்கியதும் யாரும் உட்காரக் கூடாதாம். மூன்று மூன்று பேராகச் சுவர்ப் பலகை முன்னே போய் நிற்க வேண்டும், மூவருக்கும் ஒரே ஒரு பேனா. பேனா வைத்திருப்பவர் தன் யோசனையை எழுதக் கூடாது. மற்ற இருவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும். ஒரு மூலையில் போன வகுப்புப் பிள்ளைகள் எழுதியது அழியாமல் இருந்தது. இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டுகிறது. ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று நிறுவ முதலில் ஒரு வழி, அதை அடித்துவிட்டு இன்னொரு வழி, ஓரத்தில் யாரோ போட்ட பெரிய கேள்விக்குறி. அந்த அடித்தல்தான் எனக்குப் பிடித்தது. அறுபது பிள்ளைகளும் ஒரு கரும்பலகையுமாக நான் நடத்திய வகுப்பில் பலகைக்கு வந்தது எப்போதும் சரியான விடை மட்டும்தான். தவறாக யோசிக்கும் பிள்ளைக்குக் கொடுக்க அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை. இந்த அறையில் இருபத்தைந்து நாற்காலிகூட இல்லை.

ஆசிரியர் பேசி முடித்ததும் நானும் கணக்கு டீச்சர்தான் என்றேன். சட்டென்று பேனாவை என் கையில் கொடுத்து, நீங்கள் இதை எப்படி நிறுவுவீர்கள் என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். அவர் நன்றி சொன்ன விதத்தில் மரியாதை இருந்தது.

வெள்ளி

இரவு மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து. ஆட்டம் எனக்கு விளங்கவில்லை, வாத்தியக் குழுவை மட்டும் ரசித்தேன். பள்ளியின் நிறங்களான பச்சையும் நீலமுமாக உடுத்திக்கொண்டு ஊரே வந்திருந்தது. இந்தப் பள்ளியில் பிள்ளை படிக்காத முதியவர்களும் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரி கட்டுகிறவர்கள் பார்க்கவும் வருகிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

சனி

வினெட்காவின் நடுவில் வில்லேஜ் க்ரீன் என்ற புல்வெளி இருக்கிறது. 1965 ஜூலை 25 அன்று மார்ட்டின் லூதர் கிங் இங்கே பேசினார். ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. அந்தக் கோடையில் இந்த ஏரிக்கரை ஊர்களில் இளைஞர்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கறுப்பின மக்களுக்கு வீடு விற்கச் சம்மதமா என்று கேட்டு, அந்தப் பதில்களை வீட்டுத் தரகர்களிடம் கொண்டுபோய்க் காட்டத்தான் அந்த நடை. பேச்சின் நினைவாகப் புல்வெளியில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கல்லைச் சுற்றிக் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

தெற்கே கொஞ்சம் நடந்தால் கெனில்வொர்த். 1889இல் ஜோசப் சியர்ஸ் என்ற தொழிலதிபர் நிலம் வாங்கித் திட்டமிட்டு எழுப்பிய ஊர். பெரிய மனைகள், தரமான கட்டடங்கள், வெள்ளையருக்கு மட்டுமே விற்பனை. இவை அந்த ஊரின் தொடக்க விதிகள். 1968இல் வீட்டு விற்பனையில் பாகுபாடு கூடாது என்று நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. விதி போய்விட்டது. வீட்டு விலை அந்த வேலையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது என்பதுதான் இந்தத் தெருக்களில் நடந்தபோது எனக்குத் தோன்றியது.

இப்படி வைத்துப் பார்த்தால், நேற்றும் முந்தாநாளும் நான் மகிழ்ந்து பார்த்த பள்ளியின் வாசல் நார்த்ஃபீல்டிலோ வினெட்காவிலோ இல்லை. வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்க வரி ரசீதோ வாடகை ஒப்பந்தமோ காட்ட வேண்டும். வெளியூர்ப் பிள்ளை என்று தெரிந்தே கட்டணமில்லாமல் சேர்த்தால் அது இல்லினாய் சட்டப்படி குற்றம். மகளுக்கு நல்ல பள்ளி வேண்டும் என்று தங்கை வீட்டு முகவரியைக் கொடுக்கும் ஒரு தாயைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் ஊரில் அதைச் செய்யாத குடும்பம் எது?

2008 செப்டம்பர் 2 அன்று ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் சிகாகோவிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். அன்று சிகாகோ பள்ளிகள் திறக்கும் முதல் நாள். மாநில செனட்டராக இருந்த பாதிரியார் ஜேம்ஸ் மீக்ஸ் அவர்களை நார்த்ஃபீல்டு வளாகத்துக்குக் கூட்டி வந்து, நியூ ட்ரியரில் சேர விண்ணப்பம் நிரப்பச் சொன்னார். சேர்க்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், பள்ளிக்கும் தெரியும். ஒரு பிள்ளைக்கு இங்கே செலவாகும் தொகையும் அங்கே செலவாகும் தொகையும் இவ்வளவு தூரத்தில் நிற்கின்றனவே என்று மாநிலம் பார்க்கட்டும் என்றுதான் அதைச் செய்தார்.

வழக்காகவும் இது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகப்பனும் வேறு சில பெற்றோரும் போட்ட வழக்கு. சொத்து வரியை வைத்துப் பள்ளி நடத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் இல்லை என்று 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு நீதிபதி இந்தப் பக்கம் வந்திருந்தால் இந்த நாட்டின் பள்ளிகளே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஞாயிறு

இன்று அதே ரயிலில் இன்னும் வடக்கே போனோம். வினெட்கா, க்ளென்கோ, ஹைலண்டு பார்க், லேக் ஃபாரஸ்ட், லேக் ப்ளஃப் தாண்டினால் க்ரேட் லேக்ஸ். அடுத்து நார்த் சிகாகோ. ஏரி அதே ஏரிதான்.

க்ரேட் லேக்ஸில் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சித் தளம் இருக்கிறது. புதிதாகச் சேரும் மாலுமிகள் எல்லோரும் முதலில் வருவது இங்கேதான். மத்திய அரசின் நிலம் என்பதால் அதற்குச் சொத்து வரி கிடையாது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பது மட்டும் நார்த் சிகாகோ பள்ளிகளில். மத்திய அரசு ஒரு ஈட்டுத்தொகை தருகிறது. அது ஈடு ஆவதில்லை. மீதி ஊர் உழைக்கும் மக்களின் ஊர். கறுப்பினக் குடும்பங்களும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும்தான் பெரும்பாலும். வீட்டு மதிப்பு குறைவு என்பதால் வரி விகிதத்தை உயர்த்தித்தான் பள்ளியை ஓட்ட வேண்டியிருக்கிறது. நூறு டாலர் மதிப்புக்கு வில்மெட்காரர் கட்டுவதை விட அதிகம் கட்டியும், கையில் சேர்வது கொஞ்சம். ஏழையின் பள்ளி ஏழையாக இருப்பதற்கு அந்த மக்கள் அக்கறை இல்லாதவர்கள் என்பது காரணம் என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன்.

2012இல் பணநெருக்கடியும் தேர்ச்சிக் குறைவும் முற்றி, மாநிலக் கல்வி வாரியமே இந்த மாவட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் கலைக்கப்பட்டது. வினெட்காவில் சுவர் எழுப்பலாமா என்று இரண்டு தடவை ஊரைக் கேட்டார்கள். அதே தண்டவாளத்தில் சில ஸ்டேஷன் தள்ளி, ஓட்டுப் போடும் உரிமையே பள்ளிக்கூட விஷயத்தில் பறிபோனது. இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டதில் மனசு கனத்துவிட்டது.

பள்ளி இன்று பூட்டியிருந்தது. ஊரை ஒரு சுற்றுச் சுற்றினோம். ஆப்வீ என்ற பெரிய மருந்து நிறுவனத்தின் தலைமையகம் இந்த ஊரில்தான். 2018இல் இங்கே நீல் கணித அறிவியல் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்ட 40 மில்லியன் டாலர் கொடுத்தார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் ஒரு ஊர் ஓட்டுப் போட்டுத் தன் பள்ளியைக் கட்டிக்கொள்கிறது, இன்னொரு ஊர் கொடையாளிக்காகக் காத்திருக்கிறது என்றால் இரண்டையும் ஒரே மாதிரிப் பொதுப்பள்ளி என்று எப்படிச் சொல்வது?

மாநிலம் சும்மா இருக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். 2017இல் இல்லினாய் தன் நிதிப் பங்கீட்டு முறையை மாற்றியது. ஒவ்வொரு மாவட்டமும் தன் பிள்ளைகளை நன்றாகப் படிக்கவைக்க எவ்வளவு தேவை என்று முதலில் கணக்கிடுகிறார்கள். அதிலிருந்து யார் அதிகம் கீழே இருக்கிறார்களோ அவர்களுக்குப் புதுப் பணம் முதலில் போகிறது. நியூ ட்ரியர் போன்றவை ஏற்கெனவே அந்த அளவைத் தாண்டிவிட்டதால் அவர்களுக்குப் புதுசாகக் கிடைப்பது மிகக் குறைவு. சரியான வழி இதுதான் என்று நினைக்கிறேன். வேகம்தான் போதாது.

திங்கள்

இன்று மாலை வீட்டுக்கு ஒரு விருந்தாளி. பேத்தியின் அட்வைசர்.

நியூ ட்ரியரில் 1920களிலிருந்தே நடக்கும் ஏற்பாடு இது. இருபத்தைந்து பிள்ளைகள் போல ஒரு குழுவாகப் பிரித்து ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார்கள். காலையில் பாடம் இல்லாமல் அந்தக் குழு கூடும். தினமும் அதே ஆசிரியர், அதே பிள்ளைகள். எந்தப் பாடம் எடுப்பது, யாரோடு சண்டை, இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்பது வரை அங்கே பேசலாம். முதல் வருடத்தில் ஒவ்வொரு பிள்ளை வீட்டுக்கும் அட்வைசரே நேரில் வந்து போவார். அத்தனை பெரிய பள்ளியில் ஒரு பிள்ளைகூட யார் கண்ணிலும் படாமல் போகாமலிருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மருமகள் ரவா கேசரியும் வடையும் போட்டிருந்தாள். வந்தவர் இளவயதுப் பெண்மணி, ஆங்கிலப் பாடம் எடுப்பவர். தட்டில் வைத்ததை மீதி வைக்காமல் சாப்பிட்டார். முதலில் பேத்தியின் அறையைப் பார்க்கலாமா என்று அவளிடமே அனுமதி கேட்டார். அவள் வரைந்த படங்களைப் பற்றி விசாரித்தார். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போனவள்தான் என்று சொன்னேன். கரும்பு வெட்டப் போன குடும்பங்களின் பிள்ளைகளை மறுபடி வகுப்புக்குக் கொண்டுவர எத்தனை திண்ணையில் உட்கார்ந்து பேசியிருப்பேன்! அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தத் தாய்மார்களிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். பேத்திதான் மொழிபெயர்த்தாள்.

உங்கள் பிள்ளைகளும் நியூ ட்ரியரா என்று நான் கேட்டேன். இல்லை, இந்த எல்லைக்குள் வீடு வாங்க எங்களால் முடியவில்லை, வேறு ஊரில் படிக்கிறார்கள் என்றார். குரலில் வருத்தம் காட்டவில்லை. அந்தப் பள்ளியும் நல்ல பள்ளிதான் என்றார். நான்தான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அவர் போன பிறகு சாப்பாட்டு மேசையில் ஒரே விவாதம். இவ்வளவு செலவழித்து வாங்கியிருக்கிறோம், இந்த எல்லைக்கோட்டை அழித்தால் எல்லாம் போய்விடுமே என்றாள் மருமகள். அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டுக் கடனை அடைப்பது அவர்கள்தானே. கோட்டை அழிக்க வேண்டாம், கதவைக் கொஞ்சம் திறக்கலாமே என்றேன் நான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1966 முதல் மெட்கோ என்ற திட்டம் நடக்கிறது. பாஸ்டன் நகரப் பிள்ளைகள் பஸ் ஏறிப் புறநகர்ப் பள்ளிகளுக்குப் போய்ப் படிக்கிறார்கள். அந்த ஊர்களின் வாரியங்கள் தாமாக முன்வந்து இடம் கொடுக்கின்றன; மாநில அரசு பணம் தருகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

"போர்டு மீட்டிங்ல பொதுமக்கள் பேச நேரம் உண்டுப்பா, நீ போய்க் கேளு" என்றாள் பேத்தி. தங்கை மகன் முதலில் சிரித்தான், பிறகு போனை எடுத்து அடுத்த கூட்டம் என்றைக்கு என்று பார்த்தான். நான் இந்த ஊர்க்காரி இல்லை, வரியும் கட்டவில்லை. பேச வேண்டியவன் அவன்தான். மூன்று நிமிடத்துக்கு அடங்கும்படி என்ன கேட்பது என்று பேத்தி இப்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள். மெட்கோ தொடங்கிய வருடத்தை என்னிடம் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டாள்.